எல்மா க்ராஸிங்குக்கு ஒரு கர்ணம்

அமெரிக்காவுக்கே கர்ணமாக இருந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவர் தினமும் விஜயபுரம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி திருப்பதிக்கு வந்தார்.

எங்கள் ஆபீஸில் அமெரிக்க மேப்பைச் சுத்தம் செய்கிற வேலை. ஊர் என்று சொல்ல முடியாத இடங்களின் பெயரை எடுத்துவிட வேண்டும். நாங்கள் ஒரு நாளைக்கு நாற்பது ஊரை ஊதித் தள்ளுவோம். இவரோ கிழக்கே என்ன, ஏரி எங்கே, முதலில் குடிவந்தது யார் என்று நோட்டுப் போட்டு எழுதுவார். அதனால் பழைய கிராமக் கணக்குப்பிள்ளை மாதிரி கர்ணம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை அவரிடம் எல்மா க்ராஸிங் வந்து மாட்டியது. ரயில் நின்ற காலத்தில் எல்மா என்ற அம்மாள் அங்கே கடை வைத்திருந்தாராம். ரயில் போச்சு, கடை போச்சு, தபால் ஆபீசும் போச்சு. மிச்சம் சில வீடுகள், ஒரு சர்ச், ஒரு கல்லறைத் தோட்டம். நகராட்சி கிடையாது, மேயர் கிடையாது.

"அப்போ சர்பஞ்ச் யாரு?" என்று, பஞ்சாயத்துத் தலைவரை நினைத்து, என்னைக் கேட்டார்.

"யாரும் இல்லண்ணா. கவர்மென்ட்டு அதை ஊர்னே சேர்க்கல."

"அப்போ பேரு எப்டி வந்துச்சு?"

"ஜனங்க சொல்லிக்கினு இருக்காங்க."

"ஜனங்க சொல்றாங்கன்னா ஊர்தானே? இல்லன்னு இன்னா கணக்குல சொல்ற?"

எனக்குத் தலை சுற்றியது. சாயங்காலத்துக்குள் எங்கள் வரிசையில் ஆறு பேருக்கும் சுற்றியது. வடமாலபேட்டைக்காரர் ஒருவர், தன் ஊர் ஊர்தானா என்று வீட்டுக்குப் போன் போட்டே கேட்டுவிட்டார்.

டீம் லீடர் தெலுங்குக்காரர். தங்கமான மனிதர், டார்கெட் என்றால் மட்டும் வேறு ஆள். "அந்தப் பேரை தீசேயண்டி கர்ணம் காரு, எடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை தாண்டினா உங்க வேலைக்கு நான் பொறுப்பு இல்ல."

கர்ணத்தின் மகள் அப்போதுதான் நர்சிங்கில் சேர்ந்திருந்தாள். வேலை போனால் சிரமம் என்று எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பஞ்சாயத்து, ரேஷன் கடை எல்லாம் பக்கத்து ஊரில் இருக்கலாம். தனிச் சுடுகாடு இருந்தால் அது தனி ஊர். "இன்னும் பொதைக்கிறாங்களான்னு கேட்டுட்டா தீர்ந்துச்சு" என்றார் கர்ணம்.

வியாழக்கிழமை சாயங்காலம் எல்மா க்ராஸிங் சர்ச்சுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். எடுத்தவர் வயதான அம்மாள். இவர் எடுத்த எடுப்பில், உங்கள் ஊரில் இன்னும் ஆட்களைப் புதைக்கிறீர்களா என்று இங்கிலீஷில் கேட்டார். அந்தம்மா பதறிப்போய், யார் செத்தது என்றார். யாரும் சாகவில்லை, வசதி இருக்கிறதா என்றுதான் விசாரிக்கிறேன் என்றார் இவர். நான் நாற்காலிக்குக் கீழே போய்விட்டேன்.

பிறகு அந்தம்மா, தன் வீட்டுக்காரரைப் போன வருஷம் அங்கேதான் அடக்கம் செய்ததாகவும், பக்கத்தில் தனக்கும் இடம் விட்டிருப்பதாகவும் சொன்னார்.

கர்ணம் 'ஊர் உண்டு' என்று டைப் செய்தார். சுடுகாட்டுச் சாட்சி செல்லாது என்றார் லீடர்.

"அந்தம்மா அங்கே குந்திக்கினு இருக்கசொல்லோ, அவங்க ஊரை நான் எப்டி சார் அழிப்பேன்?"

வெள்ளிக்கிழமை அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். இப்போது சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி.

அந்த ஃபைல் என் தலையில் விழுந்தது. லீடர் கேட்கும்போதெல்லாம் "விசாரிச்சிக்கினு இருக்கேன் சார்" என்கிறேன். எல்மா க்ராஸிங் இன்னும் மேப்பில் இருக்கிறது. கர்ணம் இல்லாத ஆபீஸ்தான் எனக்குப் பிடிக்கவே இல்லை.