ஒன்பது பேர் நசுங்கிய ஜீப்

மேடையில் ஓடுகிற நாடகம் படமாகிவிட்டால் ஊருக்கு விமோசனம் பிறக்கும் என்பது விவரம் தெரிந்தவர்கள் கண்ட உண்மை. எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கும் அப்படி ஒரு விமோசனம் பிறந்தது. நாடகத்துக்கு லைட் போட்டவன் என்கிற முறையில் அது பிறந்த விதத்தை நான் சொல்லியாக வேண்டும்.

நாடகம் ராயப்பன்பட்டி மெர்லின் டீச்சருடையது. மேடையில் ஒரே ஆள், ஒரே பெஞ்சு. அந்தப் பெஞ்சையே ஜீப்பாக்கி, ஏலக்காட்டு வேலைக்குப் போகிற இருபத்திரண்டு பேராகவும் டீச்சர் ஒருத்தியே நசுங்குவார். கதை, மூக்கம்மாளின் நிஜக் கதை. தங்கச்சி போன ஜீப் மலையில் உருண்ட மறுநாள் ரோட்டின் குறுக்கே படுத்து, "ஒம்பது பேருக்கு மேல ஏத்துனா, எம்மேலயும் ஏத்திட்டுப் போ" என்றவள். பதினோரு தடவை படுத்தாள், பதினோரு கேஸ் வாங்கினாள். ஆள் இன்றைக்கும் திடமாக இருக்கிறாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: விடியக்காலை மலைக்கு ஒரு கவர்மெண்டு பஸ். அது வரவில்லை. மருமகள் யுவராணி அதே மாதிரி ஜீப்பில்தான் வேலைக்குப் போகிறாள். நாடகம் இல்லாத நாளில் நானும் அதில்தான். லைட் போடுகிறவனுக்கும் வயிறு உண்டே.

சென்னையிலிருந்து டைரக்டர் மதன்குமார் வந்து நாடகம் பார்த்தார், தேம்பித் தேம்பி அழுதார். இந்த வருஷம் போராளிக் கதைதான் ஓடுகிறதாம். போன வருஷம் பேய், அதற்கு முந்தின வருஷம் மாடு.

"படம் வந்தா பஸ்ஸு வருமாய்யா?" என்று மூக்கம்மாள் கேட்டாள்.

"பஸ் என்னம்மா, ரயிலே வரும்."

"ரயிலு வேணாம். பஸ்ஸு போதும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மூக்கம்மாள் வேஷம் டீச்சருக்கு இல்லை. முகத்தில் போராட்டக் களை பத்தாதாம். மும்பையிலிருந்து ஒரு பெண் வந்தது. அதற்கு நம்ம ஊர்ப் பேச்சு சொல்லிக்கொடுக்கிற வேலை டீச்சருக்குக் கிடைத்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ஷூட்டிங்குக்கு அனுமதி வாங்க நானும் டீச்சரும் தாலுகா ஆபீசுக்குப் போனோம். பிரிவு சூப்பிரண்டு ஈஸ்வரபாண்டி கதைச் சுருக்கத்தை மூன்று தரம் படித்தார்.

"ஜீப்புல இருபத்திரண்டு பேரா? சட்டப்படி ஒம்பதுதான். அனுமதிக்க வழியில்ல."

"அதை எதுத்துத்தான சார் அந்தம்மா போராடுறாக" என்றார் டீச்சர்.

"போராடட்டும். ஒம்பது பேர ஏத்திக்கிட்டுப் போராடட்டும்."

"ஒம்பது பேர்தான்னா எதுக்கு சார் போராட்டம்?"

"அது கதை. கதையில இந்த அலுவலகம் தலையிடாது."

டீச்சர் விடவில்லை. "தெனமும் இருபத்திரண்டு பேரு இந்த வாசல் வழியாத்தான சார் போறாக?"

"அவுக அனுமதி கேட்டு வரலையே டீச்சர். கேட்டாத்தான மறுக்க முடியும்."

அடுத்தது படுக்கிற காட்சி. கதாபாத்திரம் முன்கூட்டியே மனுப் போட்டு, உத்தரவு வாங்கி, பாய் விரித்துப் படுக்கலாம் என்றார். மனுப் போடும் காட்சி கட்டாயம்.

"அப்ப பதினோரு கேஸு?"

"உத்தரவு வாங்கிப் படுத்தா கேஸு எப்பிடி டீச்சர் வரும்?"

ஈஸ்வரபாண்டி கெட்டவர் இல்லை. நாடகத்தை ரெண்டு தடவை பார்த்துக் கண் கலங்கியவர். அதைக் கோப்பிலும் பதிந்திருந்தார்: 'மேற்படி நாடகம் உருக்கமானது என அறியப்படுகிறது.'

டீச்சர் நேராக டைரக்டரிடம் போய்ச் சண்டை பிடித்தார். மீதிப் பதின்மூன்று பேரையும் உணர்வாகக் கடத்திவிடலாம் என்றார் அவர். கடைசியில் மூக்கம்மாள்தான் டீச்சரைச் சமாதானப்படுத்தினாள். "பஸ்ஸு வந்தாப் போதும் டீச்சர். என்னையப் பாயில படுக்க வச்சா என்ன, கட்டில்ல படுக்க வச்சா என்ன."

தத்ரூபம் வேண்டுமென்று நிஜத் தொழிலாளிகளையே கேட்டார் டைரக்டர். கூட்டிவருகிற பொறுப்பு எனக்கு, கழுத்தில் அட்டை வேறு. வழக்கம்போல ஜீப்புக்கு இருபத்திரண்டாக ஏற்றி நாலு ஜீப் கொண்டுபோனேன். செக்போஸ்டுக்கு முந்தின வளைவில் பாதிப் பேர் இறங்கி நடந்து, தாண்டியதும் ஏறிக்கொள்வது எங்கள் பக்கத்துப் பழக்கம். அன்றைக்குக் கேமராவைக் கண்டதும் யாரும் சொல்லாமலே இறங்கி நடந்தார்கள். அதில் ஒன்பது பேரைப் பொறுக்கிப் பட ஜீப்பில் உட்காரவைத்தோம்.

"நசுங்குங்கம்மா. மூச்சு முட்டணும்" என்றார் டைரக்டர்.

"இம்புட்டு எடம் இருந்தா எப்பிடி சார் நசுங்குறது? எனக்குத் தூக்கந்தான் வருது" என்றாள் யுவராணி.

பதினாலு டேக் போனது. பிறகு டீச்சர் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து தனியாளாக நசுங்கிக் காட்ட, அதைப் பார்த்து ஒன்பது பேரும் நசுங்கினார்கள்.

படம் வந்தது, விருதும் வந்தது. தேனியில் தொழிலாளர்களுக்குச் சிறப்புக் காட்சி போட்டார்கள். அதற்கு எங்களைக் கூட்டிப்போக, சொன்னால் நம்பமாட்டீர்கள், கவர்மெண்டு பஸ் வந்தது. மூக்கம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"நாளைக்கும் வருமா தம்பி?" என்று கண்டக்டரைக் கேட்டாள்.

"படம் பாக்க மட்டுந்தாம்மா. ஆர்டர் அப்பிடி."

உத்தரவு வாங்கிப் பாயில் படுத்த மும்பைப் பெண்ணைப் பார்த்துத் தியேட்டரே அழுதது. ஈஸ்வரபாண்டி எழுந்து நின்று கைதட்டினார். நானும் அழுதேன். மூக்கம்மாள் மட்டும் அழவில்லை.

மறுநாள் விடியக்காலை ஜீப் வந்தது. இருபத்திரண்டு பேரும் ஏறிவிட்டோம், நான் பின்கம்பியில் தொங்கினேன். ஊர் தாண்டினால் ரோட்டின் குறுக்கே மூக்கம்மாள் படுத்துக் கிடக்கிறாள். பன்னிரண்டாவது தடவை. இந்தத் தடவையும் உத்தரவு இல்லை.

டிரைவர் ஹாரன் அடித்தார், அவள் அசையவில்லை. எல்லாரும் இறங்கிப் போய்ச் சுற்றி நின்றோம். ரெண்டு பேர் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். யுவராணி குனிந்து மாமியார் கையைப் பிடித்தாள்.

"எந்திரிங்க அத்தே. லேட்டாப் போனா கங்காணி திருப்பி அனுப்பிருவான். அதான் நேத்தே உங்களுக்காக எல்லாரும் அழுதுட்டோம்ல."

யுவராணி தோளைப் பிடித்தாள், நான் காலைப் பிடித்தேன். தூக்கிக் கொண்டுபோய்ப் புளியமரத்தடியில் உட்காரவைத்தோம். சத்தியமாக எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வேலைக்கு நேரமாகிவிட்டது.