எட்டாம் வகுப்பு இருமல்

கணக்கு வாத்தியார் பலகையில் மூன்றாவது வரியை எழுதி முடித்ததும் பின்னாலிருந்து ஓர் இருமல் வந்தது.

"க்ஹும்."

சட்டென்று திரும்பினார். எல்லாமே பால் வடியும் முகங்கள். கடைசி பெஞ்சு நெட்டையன் மட்டும் மின்விசிறியை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருடா இருமினது?"

கோபத்தில் கணக்கை மொத்தமாக அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினார். இந்த முறை சத்தமே இல்லை. தன் முறைப்புக்குப் பலன் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அடுத்த கணக்கில் மறுபடியும் இருமல்.

அவருக்கு வெட்கமாகிவிட்டது. வேறு யாராவது என்றால் பரவாயில்லை. வகுப்பை அடக்குவது எப்படி என்று ஆசிரியர் அறையில் தினமும் உபதேசம் செய்கிறவர் இவர். புத்தகத்தைப் பார்க்காமல் மளமளவென்று எழுதிக்கொண்டே போவார். குறுக்கே யாரும் மூச்சு விடக் கூடாது. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கணக்கு வாத்தியார் ஆயிற்றே, எண்ணிப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள்.

அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் ரெட்டைச் சடைக்காரியும் இந்த வகுப்புதான். ஒருநாள் கணக்கு நடுவில் அவள் "சார், வந்து..." என்று எழுந்துவிட்டாள். பீரியட் முடியும்வரை வராந்தாவில் நிற்க வைத்தார்.

"தெரிஞ்ச பிள்ளைன்னெல்லாம் பாக்க மாட்டேன். ஒருத்தியை நிக்க வெச்சேன், மத்ததெல்லாம் கப்சிப்!" என்று ஆசிரியர் அறையில் பெருமையடித்துக்கொண்டார்.

தலைமையாசிரியை அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். உதவித் தலைமையாசிரியர் இடம் ஒன்று காலியாக இருந்தது.

"வர்ற வெள்ளிக்கிழமை உங்க வகுப்புல வந்து உக்கார்றேன் சார். மத்த டீச்சர்ஸையும் கூட்டிட்டு வர்றேன். எப்படி அடக்குறீங்கன்னு எல்லாரும் பாக்கட்டும். அப்புறம் அந்தப் பதவியைப் பத்திப் பேசலாம்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வகுப்பில் இந்த இருமல் ஆரம்பித்துவிட்டது.

வீட்டில் மனைவியிடம் இதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனாலும் சாப்பிடும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"எட்டாம் வகுப்பு அப்படியே என் சுண்டுவிரல்ல ஆடுது, தெரியுமா?"

மனைவி இருமினாள்.

"அடடா, உனக்கும் ஒட்டிக்கிச்சா? அங்கேர்ந்து நான்தான் கொண்டுவந்துட்டேன் போல."

"ஒண்ணுமில்லைங்க, தொண்டை கரகரங்குது."

"உடம்பைப் பாத்துக்கோன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன். இந்த வீட்டுல என் பேச்சை யாரு கேக்குறா?"

மனைவிக்கு இருமல் இன்னும் பலமாக வந்தது. அவர் கை கழுவிய கையோடு மருந்துக் கடைக்கு ஓடினார். நல்ல மனிதர்தான். வாங்கி வந்த பாட்டிலை அலமாரியில் வைத்தார். அங்கே முன்பு வாங்கியவை பிரிக்காமலே வரிசையாக நின்றதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் கடைசி பெஞ்சைக் கலைத்தார். ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தார். ஒரு மூலையில் இருந்த இருமல் நாலு மூலைக்கும் பரவியது.

அடுத்து, திருடன் கையில் சாவியைக் கொடுக்கும் வைத்தியம். நெட்டையனையே வகுப்புத் தலைவனாக்கினார்.

"இருமுறவன் பேரையெல்லாம் பலகை ஓரத்துல எழுது."

நெட்டையன் நேர்மையானவன். முதலில் தன் பெயரை எழுதினான். பீரியட் முடிவதற்குள் பெயர்கள் பாதிப் பலகைக்கு வந்துவிட்டன, கணக்குக்கு இடமில்லை.

அதற்கடுத்த நாள் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்து வராந்தாவில் வைத்தார்.

"இருமல் வந்தா வெளிய போய் ஒரு வாய் குடிச்சிட்டு வரணும். அப்புறம் எவனுக்கு இருமல் வருதுன்னு பாக்குறேன்!"

வகுப்பே வரிசையில் நின்றது. அந்த வழியாகப் போன ஓவிய ஆசிரியர் நின்று பார்த்தார்.

"என்ன சார், கணக்கு கிளாஸா, மருத்துவ முகாமா?"

வாத்தியாருக்குக் காது மடல் சுட்டது. அன்று ஆசிரியர் அறைக்கே போகவில்லை. பூட்டிக் கிடந்த நூலகத்துக்குப் பின்னால் நின்று சாப்பிட்டார். இத்தனை வருஷம் சேர்த்துவைத்த மானம் ஒரு தொண்டைச் செருமலில் போகிறதே என்று நினைத்துப் பாதிச் சாதத்தைக் காக்கைக்கு வைத்தார்.

வியாழக்கிழமை வீறாப்பையெல்லாம் விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகள் முன்னால் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் இருமாதீங்கடா. என் மானத்தைக் காப்பாத்துங்க."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டையன் எழுந்தான்.

"சரி சார், இருமல. ஆனா நீங்களும் நாளைக்குக் கொஞ்சம் மெதுவா எழுதுங்க சார்."

என்ன திமிர் என்று பல்லைக் கடித்தார். காரியம் ஆக வேண்டுமே என்று பேசாமல் இருந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியையும் ஆசிரியர்களும் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஓவிய ஆசிரியர் வேண்டுமென்றே முன்னால் தள்ளி உட்கார்ந்தார்.

"சுலபமான கணக்குலேர்ந்து ஆரம்பிப்போம்" என்றார் வாத்தியார். "ஒரு எண்ணோட ஏழைக் கூட்டினா பதினஞ்சு. அந்த எண் என்ன?"

கேள்வி காற்றில் இருக்கும்போதே பலகையில் கை ஓடியது. விடையை எழுதிப் பெட்டியும் போட்டார். குண்டூசி விழுந்தால் கேட்கும். ஓரக்கண்ணால் பார்த்தார். எல்லாப் பிள்ளைகளும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நெட்டையன் முகம் சிவந்து கண்ணில் நீர் முட்டியது. சொன்ன சொல் காப்பாற்றுகிறார்கள்! வாத்தியாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. விடைக்குக் கீழே கோடு போடத் திரும்பினார்.

"க்ஹும்!"

"எவன்டா அது? எழுந்திரு! வெளிய போ!"

தலைமையாசிரியை எழுந்து நின்றார்.

"நான்தான் சார். வெளிய போகணுமா?"

"மேடம்... ஐயோ... நீங்களா?"

"பிள்ளைங்களை முறைச்சது போதும். ஒரு தடவை பலகையைப் பாருங்க."

பார்த்தார். பெட்டிக்குள் தெளிவாக, அழகாக, 22 என்று எழுதியிருந்தது.

ஏழைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தார். துடைப்பானை எடுத்து விடையை அழித்தார். இதுவரை கேட்ட இருமல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

"அப்போ... இத்தனை நாளும் இருமினது இதுக்குத்தானா?"

எல்லாத் தலைகளும் ஆடின.

"நேரா சொல்ல வேண்டியதுதானே?"

ரெட்டைச் சடைக்காரி மெல்ல எழுந்தாள். "சொல்லத்தான் எழுந்தேன் சார். வராந்தாவுல நிக்க வெச்சீங்க."

வாத்தியார் கூனிக் குறுகிப்போனார். பதவி போனது பெரிதாகத் தெரியவில்லை. அன்று அந்தப் பெண் அழுத கண்ணோடு வராந்தாவில் நின்றதுதான் கண்முன் வந்தது.

"தப்பு என்னோடதும்மா" என்றார். எல்லோர் எதிரிலும் அந்த வார்த்தையைச் சொல்வது அவருக்கு அதுதான் முதல் தடவை. பிறகு, மீதி இருந்த மானத்தையாவது மீட்கலாம் என்று குரலைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டார். "ஆனா இருமுற யோசனை யாரோடது? நெட்டையன்தானே?"

"இல்ல சார்" என்றாள் ரெட்டைச் சடைக்காரி. "அன்னிக்கு நான் அழுதுக்கிட்டே மாடிப்படி ஏறினப்ப உங்க வீட்டு அத்தைதான் கூப்பிட்டுச் சொன்னாங்க: 'அவர்கிட்ட தப்புன்னு சொன்னா ஏறாது கண்ணு, இருமிப் பாரு, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் இருமிக்கிட்டேதான் குடும்பம் நடத்துறேன்.'"