மஸ்டர் எழுதிய மூன்று பெயர்கள்

தூத்துக்குடியில் மஸ்டரைப் போலக் கோபப்பட இன்னொருவர் பிறக்கவில்லை. ஆபீஸ் கடிகாரம் எட்டு அடித்தால், "தெரியும்வே, கத்தாதே" என்று அதையும் வைவார்.

எழுபதுகளில் நான் டைப்பிஸ்டாக இருந்த கப்பல் ஏஜென்ஸியில், சரக்குக் கிட்டங்கியில் மூட்டை சுமக்கிறவர்களுக்கு ஆஜர் போடுவது அவர் வேலை. மஸ்டர் ரோல் என்ற அந்த நீள நோட்டு எந்நேரமும் அவர் அக்குளில்தான் இருக்கும். அதனால் ஆளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. மானேஜரே டீ குடிக்கப் போய் நேரமானாலும் அவருக்கு அரை நாள் லீவு போட்டுவிடுவார். ஒரு நாள் மஸ்டரே பத்து நிமிஷம் பிந்தி வந்தார். தனக்கே ஒரு மெமோ எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். 'பஸ் வரவில்லை' என்று விளக்கமும் எழுதினார். பிறகு அதைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பஸ் வரலையாம்லா. இதெல்லாம் ஒரு விளக்கமாவே?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, திருப்தியில்லை என்று இரண்டாவது மெமோவும் கொடுத்துக்கொண்டார்.

இனி என் கோபத்தைச் சொல்கிறேன். ஒருவன் வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்துவிட்டால் அவனைச் சும்மா விரட்டச் சட்டம் விடாது. மெட்ராஸிலிருந்து வந்த எங்கள் மானேஜர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கணக்கு நெருங்கும்போது ஆளின் பெயரை மாற்றி, புது ஆள் மாதிரி நோட்டில் ஏற்ற வேண்டும். ஆள் அதே ஆள், முதுகில் மூட்டையும் அதே மூட்டை. இன்றைக்கு இதையே காண்ட்ராக்ட் என்கிறார்கள், பாலிசி என்கிறார்கள். அன்றைக்கு இதன் பெயர் அயோக்கியத்தனம்.

இராயப்பனுக்கும் மாற்றச் சொன்னார்கள். நாலு பிள்ளைக்காரன், எழுதத் தெரியாது. மஸ்டர் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று காத்திருந்தோம். "சரி சார்" என்று சொல்லிவிட்டு அவர் 'பீட்டர்' என்று எழுதினார். அடுத்த தடவை 'பேதுரு' என்று எழுதினார். எனக்கு அந்த மனுஷன் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

மூன்றாம் வருஷம் இராயப்பன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டான். "நீ வந்தே ரெண்டு மாசம்தான்யா" என்று மானேஜர் அவனைக் கேட்டுக்கு வெளியே தள்ளினார். அவன் லேபர் ஆபீஸுக்குப் போனான். மானேஜர் நோட்டோடு மஸ்டரையும் சாட்சிக்கு அழைத்துப் போனார். ஃபைல் தூக்க நானும் போனேன்.

"இராயப்பன், பீட்டர், பேதுரு. மூணு பேரு சார்" என்றார் மானேஜர்.

லேபர் ஆபீஸர் நாசரேத்துக்காரர். "பீட்டரும் பேதுருவும் ஒரே ஆளுல்லா, இயேசுவோட சீஷரு. இது எங்க சபையில எல்லாருக்கும் தெரியுமே. இராயப்பன் யாரு?"

நெற்றி நிறையத் திருநீறோடு மஸ்டர் எழுந்தார். "அதுவும் அவருதான்யா. நீங்க பேதுருங்கிய, மாதா கோயில் தெருவுல இராயப்பருங்காவ, வெள்ளைக்காரன் பீட்டருங்கான். மூணுக்கும் நேர கைநாட்டைப் பாருங்க. எல்லாத்துலயும் இவன் பெருவிரல் தழும்பு விழுந்திருக்கு. பேரை மாத்தச் சொன்னாவ, மாத்திட்டேன். ஆளை மாத்த எனக்கு அதிகாரமில்லை."

ஆபீஸர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். மானேஜர் முகத்தில் ஈயாடவில்லை. இராயப்பன் மட்டும் யாரைப் பார்த்துக் கும்பிடுவதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். கம்பெனிக்கு வேறு வழியில்லை, அவனை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது.

மறுநாளே மஸ்டரை வேலையை விட்டு நீக்கினார்கள். கம்பெனிக்குத் துரோகமாம். அந்த மெமோவை அடிக்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு என் மேலேதான், இன்னும் ஆறவில்லை. தாளைச் சொருகினேன். 'திரு' என்று அடித்ததும் கை நின்றுவிட்டது. ஆறு வருஷம் பக்கத்து மேஜையில் இருந்தவர், அவர் பெயர் எனக்குத் தெரியாது.

எழுந்து போய், "அண்ணாச்சி, உங்க பேரு?" என்று கேட்டேன்.

அன்றைக்கு மட்டும் அவர் கோபப்படவில்லை. எழுத்து எழுத்தாகச் சொன்னார். "இனிஷியலை விட்டுராதே தம்பி, எங்க அப்பா பேருலா" என்றார்.

அந்தப் பெயரை நான் அடித்தது அந்த ஒரு தாளில்தான். இந்தக் கட்டுரையில்கூட அதை எழுத எனக்கு மனசு வரவில்லை.