வீட்டுப்பாடத் தலைவர்

"தலைவருங்களா? பொங்கல் விழா கோலப் போட்டிக்கு எங்க வீட்டம்மா பேரைச் சேர்த்துக்கணும் சார்."

ரத்தினவேல் செல்போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். டில்லியில் மத்திய அரசு அலுவலகத்தில் தலை நிமிராமல் கோப்பு பார்ப்பவர். வீட்டில்கூட அவர் எதற்கும் தலைமை தாங்கியதில்லை.

"எந்தத் தலைவர்?"

"ஆர்.கே.புரம் தென்றல் தமிழ் மன்றத் தலைவர். வெப்சைட்ல உங்க போட்டோவே இருக்கே, மாலையும் கழுத்துமா!"

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகள் சுஷ்மாவைப் பிடித்தார். அவள் கல்லூரியில் வெப் டிசைன் படிக்கிறாள். ஓவியம், கம்ப்யூட்டர், மனோதத்துவம், எழுத்து எல்லாம் கலந்த படிப்பு. யாராவது கேட்டால் ரத்தினவேல் "கம்ப்யூட்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

"அரே, அது ஹோம்வொர்க்ப்பா! கற்பனையா ஒரு சங்கத்துக்கு வெப்சைட் பண்ணச் சொன்னாங்க. தலைவர்னு ஒருத்தர் வேணுமில்ல?"

"என் நம்பரை எதுக்குட்டி போட்ட?"

"நிஜம் மாதிரி இருந்தாத்தான் மார்க்."

"உடனே எடுத்துரு."

"வெள்ளிக்கிழமை மேடம் பார்க்கிற வரைக்கும் எடுக்க முடியாதுப்பா. எடுத்தா செமஸ்டரே போச்சு."

ஜெயலட்சுமி மகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இது எங்க கல்யாண போட்டோல்லா? பக்கத்துல நான் எங்கட்டி?"

"இடம் பத்தலம்மா. வெட்டிட்டேன்."

அன்றைக்கு ரத்தினவேலுக்குச் சாம்பார் மட்டும்தான். கறி இல்லை.

சுஷ்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். 'உறுப்பினர் சேர்க்கை முடிந்துவிட்டது' என்று சிவப்பு எழுத்தில் போட்டாள். மறுநாள் காலையிலிருந்து ரத்தினவேலின் போன் ஓயவில்லை. எப்படியாவது ஓர் இடம் வேண்டும் என்று நொய்டாவிலிருந்தெல்லாம் கெஞ்சினார்கள்.

"கிடைக்காதுன்னு சொன்னாத்தான் ஜனங்க ஓடி வருவாங்களாம்," என்றாள் சுஷ்மா. "மனோதத்துவ கிளாஸ்ல இன்னிக்குத்தான் நடத்தினாங்க."

"முதல்ல நம்பரை எடு!"

"அச்சா, எடுத்துட்டேன். ஆனா அந்த இடம் காலியா இருந்தா அசிங்கமா இருக்கும்பா. அதனால மேப் வெச்சிருக்கேன்."

"எந்த இடத்துக்கு மேப்?"

வாசல் மணி அடித்தது.

மிருதங்கத்தோடு ஒருவர் நின்றார். அவருக்குப் பின்னால் சலங்கை கட்டிய இரண்டு பெண் குழந்தைகள். எல்லோரையும் விலக்கிக்கொண்டு, சால்வையைச் சரிசெய்தபடி ஒருவர் உள்ளே நுழைந்தார்.

"நான் பச்சைமுத்து. பக்கத்து செக்டார் தமிழ் மன்றத் தலைவர். மூணு வருஷமா நடத்துறேன். என் ஆளுங்களை இழுக்கிறீங்களாமே?"

"ஐயா, இப்படி ஒரு மன்றமே கிடையாது!"

"அடேயப்பா! அரசியல் நல்லா வருது உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார்.

ரத்தினவேல் மகளிடம், "பொங்கல் விழா ரத்துன்னு போடு," என்றார். அவள் கண்ணியமான தமிழில் எழுதினாள்: 'தவிர்க்க முடியாத காரணங்களால் விழா ரத்து.' தலைவரை யாரோ கவிழ்த்துவிட்டார்கள் என்று ஒரே நாளில் செக்டார் முழுக்கப் பேச்சாகிவிட்டது. இளைஞர்கள் நாலைந்து பேர் வீட்டுக்கே வந்து, "பயப்படாதீங்க சார், நாங்க இருக்கோம். விழா நடந்தே தீரும்," என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை சுஷ்மா குதித்துக்கொண்டு வந்தாள். "நான்தான்பா ஃபர்ஸ்ட்! இப்ப சைட்டை எடுத்துடவா?"

"எடுக்காத," என்றார் ரத்தினவேல் ஈனஸ்வரத்தில். "எங்க ஆபீசர் சுந்தரேசன் சார் கூப்பிட்டிருந்தார். அவரோட மிஸஸ் விழாவுல பாடுறாங்களாம். விழா ரத்துங்கிறதை மட்டும் எடுத்துரு."

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூட்டம் நெரிந்தது. பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட பெண்கள் கோலம் போட்டார்கள். ஜெயலட்சுமி, தலைவரின் மனைவி என்று எல்லோரிடமும் தானே சொல்லிக்கொண்டு, பொங்கலைக் கிண்டினாள். சுந்தரேசனின் மனைவி பாடிக்கொண்டே இருந்தார். அவர் நிறுத்தியதும் யாரோ ரத்தினவேலின் கையில் மைக்கைத் திணித்தார்கள்.

இதற்கு மேல் பொய் தாங்காது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் தலைவரே இல்லை. இது என் பொண்ணோட ஹோம்வொர்க்."

கைத்தட்டல் பூங்காவை உலுக்கியது. "என்ன பணிவு! என்ன நகைச்சுவை!" என்று சுந்தரேசனே எழுந்து நின்று தட்டினார்.

பச்சைமுத்து மேடையேறி வந்தார். சண்டைதான் என்று ரத்தினவேல் ஒதுங்கினார். அவரோ தன் சால்வையை ரத்தினவேலுக்குப் போர்த்தி, அவரைக் கட்டிக்கொண்டு, காதோடு சொன்னார்:

"முதல் வருஷம் நானும் இதையேதான் சொன்னேன் சார், யாரு கேட்டாங்க? என் பையனும் உங்க பொண்ணோட காலேஜ்தான்."