புறொக்சியில் பிள்ளையாருக்கு முதலிடம்

உ

பூம்ப்ளிஸ், சுவிஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி கஜீவனுக்கு,

அக்கா பத்மினி எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அத்தானும் சுகம். ரெனானில் உன் சுகத்துக்கும் அவரே பொறுப்பு. தொலைபேசியில் சொன்னால் சிரிப்பாய், ஆகவே எழுதுகிறேன்.

சப்பாத்து அலுமாரிக்குள் நீ வைத்துவிட்டுப் போன குட்டிக் கணினியில் கோயில் அர்ச்சனைப் பதிவுப் பக்கத்தை நடத்தி வருகிறேன் அல்லவா, இப்போது அத்தானும் தன் மட்டன், மீன் ரோல்ஸ் வியாபாரத்துக்கு ஒரு பக்கம் கேட்டார். வீட்டுக்கு இணைய வாசல் ஒன்றுதான். வாசலில் ஒரு ஆளை நிறுத்தி, வருகிறவரிடம் "ஆரிட்டை வந்தனீங்கள்?" என்று கேட்டு, உரிய பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த ஆளுக்குத்தான் ரிவேர்ஸ் புறொக்சி என்று பெயர். வீடியோ பார்த்து நானே படித்தேன். கோயில் கணக்கையும் மட்டன் கணக்கையும் ஒரே கொப்பியில் எழுதாதவள் நான், இதிலும் கலக்க விடுவேனா?

புறொக்சிக்கான கட்டளைகளை எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கினால் முதலில் பிள்ளையார் சுழிதானே, போட்டேன். முதல் வரியில் தெரியாத கட்டளை என்று புறொக்சி எழும்ப மறுத்துவிட்டது. அழிக்க மனம் வரவில்லை. முன்னால் வேலி மாதிரி ஒரு குறி போட்டால் கணினி அந்த வரியைப் பாராமல் போகுமாம், போட்டேன், போனது. பிறகு கோயிலை முதலாவதாகவும் ரோல்ஸை இரண்டாவதாகவும் எழுதினேன். வேறு எப்படி எழுதுவது? பெயர் விளங்காமல் வருகிற எல்லாரையும் புறொக்சி முதலாவது இடத்துக்கே அனுப்பும் என்று வீடியோக்காரன் கடைசியில்தான் சொல்கிறான், அதற்குள் நான் விளக்கேற்றப் போய்விட்டேன்.

பரமேஸ்வரி அக்கா தன் மனிசனின் பிறந்தநாளுக்கு ரோல்ஸ் கேட்க, முகவரிக்கு முன்னால் மூன்று டபிள்யூ போட்டிருக்கிறா. நான் டபிள்யூ இல்லாத பெயரைத்தான் எழுதியிருந்தேன். புறொக்சி அவவை நேரே பிள்ளையாரிடம் அனுப்பிவிட்டது. பக்கம் நட்சத்திரம் கேட்டது, எழுதினா. வேண்டுதல் என்ன என்று கேட்டது, அதையும் எழுதினா. வெள்ளிக்கிழமைப் பூசையில் ஐயர் போனைப் பார்த்து, ராகம் குறையாமல், "ரோகிணி நட்சத்திரம், பரமேஸ்வரி, மட்டன் ரோல்ஸ் நாற்பது, உறைப்புக் கூட" என்று சொல்லி மணியை அடித்தார். சனம் கும்பிட்டது. அந்த அக்கா வீட்டுக்கு ரோல்ஸ் போகவில்லை, பிரசாதம் போனது.

கோயில் தலைவர் மகேஸ்வரன் அண்ணை மட்டும் கும்பிடவில்லை. "பிள்ளை, வாற கிழமை என்ரை வீட்டிலை நிர்வாகக் கூட்டம். பக்கத்தை ஒரு கொம்பனியிட்டைக் குடுக்கப்போறம்" என்றார்.

அத்தானோ, "அப்ப என்ரையை முதலிலை போடன்" என்கிறார்.

"பிள்ளையாருக்கு முன்னாலை மட்டனோ? உங்களுக்கென்ன விசரோ?"

"பிள்ளையார் கோவிக்கமாட்டார். பரமேஸ்வரி அக்காதான் கோவிப்பா."

நான் உடன்படவில்லை. ரோல்ஸின் பெயரோடு டபிள்யூவையும் சேர்த்து எழுதினேன். இப்போது பிழையில்லை.

தம்பி, கோயிலில் பூக் கட்டவும் சமைக்கவும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். என் கையில் இருப்பது இந்த ஒரு தொண்டுதான். நீ வந்து, பக்கம் அக்காவிடமே இருக்கட்டும் என்று அண்ணையிடம் கதைக்க வேண்டும். எப்படியும் வா.

விக்கினம் இல்லாமல் நீ வந்துசேர வேண்டிக்கொள்ளும்,
அக்கா பத்மினி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போக மகேஸ்வரன் அண்ணை தொலைபேசி எடுத்தார். கூட்டத்தை இன்றைக்கே வைத்துவிட்டார்களாம். அத்தான் எனக்குச் சொல்லாமல் ரோல்ஸை முதலாவதாக மாற்றியிருக்கிறார். கோயில் பெயருக்கு நான் டபிள்யூ சேர்க்கவில்லை. என் பிழையைக் காட்டவென்று அண்ணை கோயில் முகவரியை டபிள்யூவோடு அடிக்க, பக்கம் "மட்டனோ, மீனோ?" என்று கேட்டதாம். நிர்வாகம் வாக்கெடுத்திருக்கிறது. மட்டன். "சூடாக் கொண்டுவா பிள்ளை. பக்கம் உன்னட்டையே இருக்கட்டும், கொம்பனிக்காரன் இதெல்லாம் கேப்பானோ?" என்றார். நீ வர வேண்டாம். பிள்ளையாரை நாளைக்கு முதலிடத்துக்கு மாற்றுகிறேன், இப்போது கையெல்லாம் ரோல்ஸ் மா.