சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்ட டயர்கள்

டெல்லிக் குளிருக்கு டயர் அண்ணாச்சி அளவுக்குப் பயந்த மனிதர் இமயமலைக்கு இந்தப் பக்கம் யாரும் இருந்திருக்க முடியாது. பயம் தனக்காக அல்ல. அவர் ஓர் அரைக்கைச் சட்டையும் மஃப்ளருமாக ஜனவரியைக் கடத்திவிடுவார். கவலையெல்லாம் வாசலில் நின்ற பழைய காரின் நான்கு டயர்களைப் பற்றியது.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். அண்ணாச்சி எங்களுக்குக் கீழ்வீடு. மத்திய அரசு உத்தியோகம், சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். நிஜப் பெயர் வாசல் பலகையில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் முதலில் வருவது "போச்சு" என்ற சொல்தான். தீபாவளி முடிந்த கையோடு ஆரம்பித்துவிடுவார்.

"போச்சுவே. குளிர் வந்துட்டு. இனி டயருக்குள்ள காத்து சுருங்கும். காத்து சுருங்குனா வண்டி ரோட்டப் பிடிக்காது. ரோட்டப் பிடிக்கலைன்னா நாம எங்க போவோம்?"

"எங்கே அண்ணாச்சி?"

"யமுனைக் கரைக்குத்தான். நாலு பேரு தூக்கிட்டுப் போவான்."

காற்று சுருங்கும் என்பது உண்மைதான். அதனால் காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் கால் பம்பை மிதித்துக் காற்றடிப்பார். நாலணாக் காசை டயரின் பள்ளத்தில் செருகிப் பார்த்துவிட்டு, தேய்மானம் கூடிப்போன செய்தியைத் துக்கம் சொல்லும் குரலில் தன் மனைவியிடம், அதாவது எங்கள் மதினியிடம், சொல்வார். இவ்வளவும் செய்துவிட்டு ஆபீசுக்குப் பஸ்ஸில் போவார். குளிர்காலத்தில் பத்திரமாகக் கார் ஓட்ட ஒரே வழி ஓட்டாமல் இருப்பதுதான் என்பது அவருடைய சித்தாந்தம்.

ஒரு வருஷம் பஞ்சு அடிக்கிறவரைக் கூப்பிட்டு, டயருக்கு ஒன்றாக நான்கு சின்ன ரஜாய்கள், பஞ்சு வைத்த போர்வைகள், தைக்கச் சொன்னார். அளவைப் பார்த்த அந்த ஆள், "நாலு குழந்தைகளா சாப்?" என்று சந்தோஷமாகக் கேட்டார். அண்ணாச்சிக்கும் மதினிக்கும் பிள்ளைகள் கிடையாது. "ஆமா" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி பம்பை எடுக்க உள்ளே போய்விட்டார்.

எண்ணெய் விஷயம்தான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. டயரின் பக்கவாட்டில் பொடிப் பொடியாக வெடிப்பு விட்டிருந்தது. குதிகாலில் வெடிப்பு வந்தால் நாம் என்ன செய்வோம்? அதையே அவரும் செய்தார். பாட்டிலில் உறைந்த தேங்காயெண்ணெயை அடுப்பருகே வைத்து உருக்கி, சனிக்கிழமைதோறும் நான்கு டயர்களுக்கும் தேய்த்து, ஊறவிட்டு, சீயக்காய் போட்டு அலசினார். டயர் கடை சர்தார்ஜி தலையில் கையை வைத்துக்கொண்டு, எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும் என்று இந்தியில் மன்றாடினார்.

"கடுகெண்ணெ தேய்க்கிற ஊருவே இது. தேங்காயெண்ணெயப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார் அண்ணாச்சி.

"அதென்ன அண்ணாச்சி சனிக்கிழமை? டயர் பொம்பளைன்னா வெள்ளிக்கிழமையில்ல?"

"பொழுதன்னைக்கும் ரோட்டுல சுத்துதுல்லா? ஆம்பளப் பயதான்."

அப்படி ஒரு சனிக்கிழமை விடியும் நேரத்தில்தான் என் மனைவிக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். பயணம் கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஊருக்கு அனுப்பவில்லை. வெளியே எதிர்வீடு தெரியாத பனிமூட்டம். டாக்ஸி ஸ்டாண்டில் டிரைவர்கள் கம்பளியை விலக்கக்கூட இல்லை. "கோஹ்ரா பாபுஜி, இந்தப் பனிமூட்டத்தில் வண்டி எடுக்க முடியாது" என்று உள்ளிருந்தே சொன்னார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அண்ணாச்சி காருக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"போச்சு. இப்பதான்வே தேச்சேன். ஊறணும்லா."

அவர் குளிக்கக் காய்ந்துகொண்டிருந்த வெந்நீரை மதினி அண்டாவோடு தூக்கிவந்து டயர்களில் கொட்டினார். அண்ணாச்சி அவசர அவசரமாகச் சீயக்காய் தேய்த்தார். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த என் மனைவி அந்த வலியிலும் தலையை நீட்டி, "அலசாமப் போனா என்ன?" என்று கேட்டாள்.

"வழுக்கும்மா" என்றார் அண்ணாச்சி.

அலசியும் வழுக்கியது. சாணக்யபுரி ரவுண்டானா ஒன்றில் அவர் பிரேக்கைத் தொட்டதும், கார் ஈரத் தரையில் நிதானமாகத் திரும்பி, வந்த வழியைப் பார்த்து நின்றது. அண்ணாச்சி ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"என்னால ஆவாதுவே. நம்பி வந்த புள்ளைய நானே கொன்னுருவேன்."

மதினி மடியில் தலைவைத்து என் மனைவி முனகினாள். ஆஸ்பத்திரி எந்தத் திசை என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் அழுதுவிட்டேன்.

ஏதோ ஒரு பங்களா வாசலில் காவலுக்கு நின்ற சௌகிதார்கள் தீ மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். அண்ணாச்சி திடீரென்று இறங்கி, தீயின் ஓரத்தில் ஆறிக் கிடந்த சாம்பலை மஃப்ளரில் அள்ளிவந்து டயர்களுக்குப் பூச ஆரம்பித்தார். பழக்கதோஷம், மூன்று விரலால்தான் பூசினார். நான்காவது டயருக்குப் போக மிஞ்சியதைத் தன் நெற்றியிலும் இட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டியபடி, பால்காரரின் சைக்கிள் முந்திக்கொண்டு போகிற வேகத்தில், எங்களை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மத்தியானம் பெண் பிறந்தது. சொல்வதற்காக வெளியே ஓடினேன். அண்ணாச்சி முன்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு அண்ணாச்சி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அவர் "போச்சு" என்று சொல்லாமல் இருந்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன். சாம்பல் ஒட்டிய மஃப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டிக்கியைத் திறந்து ஒரு ரஜாயை எடுத்து நீட்டினார்.

"ஒங்க மதினி துவைச்சு வெயில்ல காயப்போட்டது. சுத்தமாத்தான் இருக்கு. புள்ளைக்குக் குளிரும்."

"டயருக்கு அண்ணாச்சி?"

"அது கெடக்கு."

எண்ணெய்க் குளியல் அன்றோடு நின்றது. அடுத்த குளிர்காலத்தில் மூன்று டயர்கள் போர்த்திக்கொண்டு நின்றன, ஒன்று வெறுமனே நின்றது. புதிதாக ஒன்று தைக்கலாம் என்று மதினி எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை. தினமும் காலையில் அந்த ஒற்றை டயரைத் தொட்டுப் பார்த்து, "போச்சு, இது இந்தக் குளிரத் தாங்காது" என்பார். உடனே எங்கள் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"புள்ளைக்குப் போத்திவிட்டீயளா?"

போர்த்திவிட்டோம் என்று நாங்கள் சொன்ன பிறகுதான் பஸ்ஸுக்குக் கிளம்புவார்.