மேனேஜரின் பிஸ்கட் டப்பா

அன்று காலை பேப்பர் வரும்வரை, மனைவியை ஏமாற்றிய ஆண்பிள்ளை என்ற பெருமை பூட்டுக் கடைக்காரருக்கு இருந்தது. அந்தப் பெருமையோடுதான் பல் தேய்த்தார். பெருமையோடுதான் சர்க்கரை இல்லாத காபியைக் குடித்தார்.

விஷயம் இதுதான். அவர் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே மனைவி தின்பண்ட அலமாரியைப் பூட்டிவிட்டாள். அவர் கடையிலிருந்து வந்த பூட்டு. 'யாராலும் திறக்க முடியாது' என்று வாடிக்கையாளர்களிடம் அவரே சத்தியம் செய்து விற்கிற ரகம். திறக்கப் பார்த்தார். சத்தியம் உண்மைதான்.

தின்பண்டத்துக்குப் பதிலாக டாக்டர் சொன்ன தவிட்டு பிஸ்கட்டை வாங்கித் தட்டில் வைத்தாள். அவர் ஓர் ஓரத்தைக் கடித்தார். துப்பினார்.

"அட்டைப் பெட்டியை வெட்டி வச்சிருக்கே. இதை நாய்கூடத் தின்னாது."

"சரிங்க" என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அவள் சண்டை போடாமல் 'சரிங்க' சொன்னால் எங்கோ கூரை ஓட்டைப் பிரிக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

வீட்டில் நாய் ஒன்று இருந்தது. நாள் பூரா வாசலை அடைத்துக்கொண்டு தூங்கும், வருகிறவர் போகிறவரைப் பார்த்து உறுமும், வேலை மட்டும் செய்யாது. அதனால் மேனேஜர் என்று பெயர். மேனேஜரின் பிஸ்கட் டப்பா சமையலறையில் கைக்கெட்டும் உயரத்தில், பூட்டே இல்லாமல் இருந்தது. பூட்டில்லாத டப்பாவைக் கண்டால் பூட்டுக் கடைக்காரர் மனசு என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் ஒன்று எடுத்து மோந்தார். இரண்டாம் நாள் கடித்தார். மொறுமொறு என்று இருந்தது. அப்புறம் தினமும் மனைவி குளிக்கப் போகும் நேரம்தான் அவருக்கு டிபன் நேரம். நாய்க்குச் செய்கிற பண்டத்தில் இருக்கிற அக்கறை மனுஷனுக்குச் செய்கிறதில் இல்லையே என்று வருத்தம்கூடப் பட்டார். நடுவில் புதுப்பை வந்தது. சரக்கு கொஞ்சம் வறட்சி, வெறும் துண்டு துண்டாக இருந்தது. கம்பெனிக்காரன் கை வைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு அதையும் தின்றார். மேனேஜருக்கு ஒரு துண்டு நீட்டினால் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. எஜமான் சாப்பிடட்டும் என்று விட்டுக்கொடுக்கிறது, என்ன பெரிய மனசு என்று அதன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

இப்போது பேப்பர்.

"என்னங்க, இதைக் கேளுங்க" என்று மனைவி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "நாய் பிஸ்கட்டில் சால்மோனெல்லா கிருமி. விற்ற பைகளை கம்பெனி திரும்பப் பெறுகிறது. நம்ம மேனேஜருக்கு வாங்கின அதே பிஸ்கட்டுங்க."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாய்க்கு வாந்தி, பேதி, காய்ச்சல் வருமாம். தொட்ட மனுஷங்களுக்கும் ஒட்டிக்குமாம். பிஸ்கட்டைத் தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவணுமாம்."

"தொட்டாலேவா?"

"தொட்டாலே."

"தின்னா?"

"மனுஷன் எவனாவது நாய் பிஸ்கட் தின்பானா? பேப்பர்ல அதெல்லாம் போடமாட்டாங்க. ஏங்க இப்படி வேர்க்குது?"

"மேனேஜரை நினைச்சேன்."

மேனேஜர் வாசலில் குறட்டை விட்டது.

அவர் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டார். மனுஷ டாக்டருக்குப் போன் செய்தால் என்ன தின்றீர் என்று கேட்பார். கால்நடை டாக்டருக்குப் போட்டார்.

"டாக்டர், அந்த பிஸ்கட்டைத் தின்னுட்டா உயிருக்கு ஆபத்தா?"

"நாய் என்ன எடை?"

உயிர் விஷயத்தில் பொய் கூடாது. "எழுபத்தெட்டு கிலோ."

"நாய்தானே?"

"கொஞ்சம் பூசின உடம்பு."

"சுறுசுறுப்பா இருக்கா?"

"லீவு நாள்ல எழுந்திருக்கிறதே பெரும்பாடு, டாக்டர்."

"வாந்தி, பேதி?"

"இன்னும் இல்லை. ஆனா பயந்து போயிருக்கு."

"எதைப் பாத்து?"

"வீட்டுக்கார அம்மாவை."

"நாக்கு வெளுத்திருக்கா பாருங்க."

அவர் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார். "லேசா."

"தண்ணி நிறையக் கொடுங்க. வாய்க்கு மூடி போட்டு, சங்கிலியோட கூட்டிட்டு வாங்க. கடிக்குமா?"

"பல்லுக்கு வேலையே இல்லை, டாக்டர். எல்லாம் பூட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வெளியே வந்தவர் குரலை சாதாரணமாக்கிக்கொண்டார். "அந்தப் பை எங்கே? அடியில நம்பர் போட்டிருக்குமே, பாக்கலாம்."

"நேத்தே கடைக்காரர் போன் பண்ணிட்டாருங்க. நம்ம பையும் அந்த நம்பர்தான். உடனே திருப்பிக் கொடுத்துட்டேன்."

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. விழுந்தார். தான் போனால் கடையை யார் பார்ப்பார்கள் என்று யோசித்தார். எதைத் தின்று போனார் என்று துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கேட்பார்களே, அதற்கு இவள் என்ன சொல்வாள் என்று யோசித்தபோதுதான் அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவி எடுத்தாள்.

"ஆமாங்க டாக்டர். எங்க நாயா? எழுபத்தெட்டு கிலோவா?" என்று சொல்லிக்கொண்டே கணவனை மேலும் கீழும் பார்த்தாள். "இங்கதான் உக்காந்திருக்கு. பேசறீங்களா?"

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? அவர் ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டார். மோந்தது, கடித்தது, குளியல் நேரத்து டிபன், எல்லாவற்றையும். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் அசையவில்லை.

"அந்தப் பையை நான் பிரிக்கவே இல்லைங்க."

"பிரிக்கலையா?"

"மேனேஜர் ஒண்ணு தின்னா டப்பாவுல அஞ்சு குறையுது. அப்பவே புரிஞ்சுபோச்சு. பழைய பிஸ்கட் தீர்ந்ததும் மேனேஜரை வெறும் சோத்துக்கு மாத்திட்டேன். புதுப்பையை நீங்க நம்பறதுக்காக டப்பா பக்கத்துல சும்மா நிறுத்தி வச்சேன்."

"அப்ப இத்தனை நாளா டப்பாவுல இருந்தது?"

"டாக்டர் சொன்ன தவிட்டு பிஸ்கட். உடைச்சுப் போட்டேன். சர்க்கரை இறங்கியிருக்குன்னு போன வாரம் சொன்னாரே, எதனாலன்னு நினைச்சீங்க?"

உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. தோற்றவனுக்கும் கடைசியாக ஒரு வார்த்தை வேண்டுமே.

"இதை நாய்கூடத் தின்னாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"அதுல நீங்க சொன்னது சரிதாங்க" என்றாள் மனைவி. "மேனேஜர் தொடவே இல்லை."